பொள்ளாச்சி–பாலக்காடு ரோட்டில் ஓடும் ஸ்விஃப்ட்டை 40 மி.மீ. இறக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. வீடு கோபாலபுரம் பக்கம், வேலை பாலக்காட்டில். வண்டி 2019 ஸ்விஃப்ட், 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திருச்சூர் நண்பர் ஒருவர் வண்டியின் உயரத்தை 40 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் செட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஷாக்கை, அதாவது ஷாக் அப்சார்பரை, மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் போடலாமா? ஊர் மெக்கானிக், "எதுக்குங்க வீண் செலவு, இருக்கிற ஸ்பிரிங்லயே ஒரு சுத்து அறுத்துடலாம்" என்கிறார், அது சரியா? கேரளாவுக்குள் போனால் பிடிப்பார்களா?

தம்பி, 40 வேண்டாம். 25 மி.மீ.க்குள் நிறுத்துங்கள். ஸ்பிரிங்கோடு ஷாக்கையும் மாற்றுங்கள். அறுக்கிற பேச்சே வேண்டாம். பொள்ளாச்சியில் சஸ்பென்ஷன், அலைன்மெண்ட் வேலைதான் எனக்குப் பிழைப்பு. எல்லைக்கு இரண்டு பக்கத்து வண்டிகளும் வருகின்றன. ஆசையாக இறக்கிவிட்டு மூன்றே மாதத்தில் பழையபடி ஏற்றித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு, இறக்கிய வண்டியை வருடக்கணக்கில் சந்தோஷமாக ஓட்டுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் எங்கே வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சக்கரம் மேலே ஏறிப் போக எவ்வளவு இடம் மிச்சம் வைத்தார்கள் என்பதில். டிராவல் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது, ஷாக்கின் ராடு உள்ளே போகிறது. ஒரு அளவுக்கு மேல் போனால் ராடின் மேல் மாட்டியிருக்கும் பம்ப் ஸ்டாப், அதாவது அந்த நுரைக்கட்டை, ஷாக்கின் தலையில் முட்டும். வண்டி சும்மா நிற்கிற நிலையிலிருந்து அந்த முட்டு வரைக்கும் 80 மி.மீ. இருக்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 50. அதே பள்ளம், அதே வேகம். முன்பு 80 மி.மீ. தூரத்தில் வாங்கிய அடியை இப்போது 50 மி.மீ.க்குள் வாங்க வேண்டும். ஸ்பிரிங் உள்வாங்கும் சக்தி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80ஐ 50ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.56. அதாவது முட்டாமல் இருக்க வேண்டுமானால் ஸ்பிரிங் இரண்டரை மடங்குக்கு மேல் கடினமாக இருக்க வேண்டும். தெருவில் ஓட்ட விற்கிற லோயரிங் ஸ்பிரிங் எதுவும் அப்படி வருவதில்லை. வந்தால் உட்கார முடியாது. கம்பெனி ஸ்பிரிங்கை விட ஓரளவு கடினமாகத்தான் செய்வார்கள், மீதி அடியைப் பம்ப் ஸ்டாப் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. 20, 25 மி.மீ. இறக்கத்தில் பம்ப் ஸ்டாப் எப்போதாவது வேலை செய்யும். 40இல் தினமும் வேலை செய்யும். "ஸ்பிரிங் ரொம்ப டைட்டுங்க, தூக்கித் தூக்கிப் போடுது" என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டிகள் பலவற்றில் குற்றம் ஸ்பிரிங்கில் இருப்பதில்லை. பாதி நேரம் வண்டி அந்த நுரைக்கட்டையின் மேல் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் வண்டியில் இதைக் காசில்லாமல் அளந்து பார்க்கலாம். எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். பின் ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளவென்று இருக்கும் ராடில் ஒரு கேபிள் டையைச் சுற்றி இறுக்குங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நழுவக் கூடாது. டையை ஷாக்கின் உடம்பை ஒட்டிக் கீழே இறக்கி வைத்துவிட்டு, எப்போதும் ஏற்றும் ஆட்களோடும் சாமானோடும் தினம் போகிற ரோட்டில் ஒரு சுற்று போய் வாருங்கள். ராடு உள்ளே போகும்போது டை மேலே தள்ளப்பட்டு, அதிகபட்சம் போன இடத்தில் நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எத்தனை மி.மீ. மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அந்த மிச்சம்தான் நீங்கள் செலவு செய்யக்கூடிய கையிருப்பு. கம்பெனி உயரத்திலேயே டை பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு நிற்கிறது என்றால், உங்கள் ரோடும் உங்கள் லோடும் பதில் சொல்லிவிட்டன.

ரோட்டைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் இறக்கிய வண்டி என்று படங்களில் பார்க்கிற வண்டிகள் நம் ரோட்டில் ஓடவில்லை. வாளையார் வழியாகப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மட்டும் என்றால் நான் இவ்வளவு பயமுறுத்த மாட்டேன். உங்கள் வழி கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை. இளநீர் லோடு லாரிகள் அழுத்தி அழுத்தி இரண்டு பக்கமும் தடம் விழுந்து, நடுவே முதுகு எழும்பி நிற்கும் இடங்கள் கிராமத்து ரோட்டில் எத்தனையோ. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ரோட்டில் பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாது. உங்கள் மாடல் ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 163 மி.மீ. இதில் 40 போனால் 123. நான்கு பேர் ஏறி டிக்கியில் சாமானும் வைத்தால் வண்டி இன்னும் தாழும், மிச்சம் ஏறக்குறைய 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய ரோட் காங்கிரஸ் வகுத்த ஸ்பீட் பிரேக்கரின் உயரமும் 100 மி.மீ.தான். அந்த விதிப்படி போட்டால் அகலம் 3.7 மீட்டர் இருக்கும், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கலாம். நம் ஊரில் கடைக்கு முன்னால், கோயிலுக்கு முன்னால் அவரவர் போட்டுக்கொள்ளும் மேடு அப்படி இருப்பதில்லை. குறுகலாக, படிக்கட்டு போல எழும்பி நிற்கும். முன் சக்கரமும் பின் சக்கரமும் தாண்டும் நடுவில், சைலன்ஸர் குழாயோ, எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்போ அதன் மேல் உரசிக்கொண்டு போகும்.

வால்பாறை போகிற ஆசை இருக்கிறவராக இருந்தால் இன்னொன்றும் சொல்கிறேன். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில், உள்பக்க ஓரத்தில் பஸ் சக்கரம் ஏறி ஏறித் தார் உடைந்து நிற்கும் இடங்களில், இறக்கிய வண்டியின் முன் பம்பர் உதடுதான் முதலில் அடி வாங்கும். எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டாமல் இருக்கவும் முடியாது.

செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடும் ஃபார்முலா வண்டி தரையோடு தரையாக இருக்கிறது. அதே கோயம்புத்தூரில் ராலி நடக்கும்போது பாருங்கள், அந்த வண்டிகள் நல்ல உயரமாக, நீளமான டிராவலோடு நிற்கும். இரண்டையும் அமைப்பவர்கள் வேகத்துக்காகவே அமைக்கிறார்கள். தளம் வழுவழுப்பாக இருந்தால் தாழ்வு வேகம் தரும், தளம் கரடாக இருந்தால் டிராவல்தான் வேகம் தரும். நம் கிராமத்து ரோடு எந்தப் பக்கம் சேர்ந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இனி அறுப்பது. மெக்கானிக் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்தப் பழக்கம் சாகாமல் இருக்கிறது. காயில் ஸ்பிரிங்கின் கடினம், வேலை செய்கிற சுத்துகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறானது. ஆறு சுத்தில் ஒன்றை எடுத்தால் மிச்சமுள்ள ஐந்து சுத்து 20 சதவீதம் கடினமாகிவிடும், உயரமும் குறையும். கணக்கில் லோயரிங் ஸ்பிரிங் போலவே தெரிகிறதல்லவா? கெடுதல் வேறு இடத்தில் வருகிறது. ஸ்பிரிங்கின் முனை சும்மா வெட்டி விட்ட கம்பி இல்லை. ஸ்பிரிங் உட்காரும் கீழ்த் தட்டில் ஒரு படி இருக்கும், கம்பியின் நுனி அந்தப் படியில் போய் முட்டி நிற்கும்படிதான் கடைசிச் சுத்தை வளைத்திருப்பார்கள். அறுத்த ஸ்பிரிங்குக்கு அந்த வளைவு இல்லை. சரிவாகத் தட்டின் மேல் நிற்கும், ஒரு பக்கம் மட்டும் பாரம் தாங்கும். அதைவிட மோசம், பின் சக்கரம் தொங்கும் நிலைக்குப் போனால் ஷாக் பழைய நீளத்துக்கு நீளும், ஸ்பிரிங் அந்த நீளத்துக்கு எட்டாது. இடைவெளி விழுந்து ஸ்பிரிங் ஆடும், தட்டை விட்டு நகரும். வேகத்தில் ஒரு மேட்டைத் தாண்டும்போது இது நடந்தால் சக்கரம் இறங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தன் இடத்தில் இருக்காது. அறுத்த முனையில் பெயிண்ட் போய், நம் மழையில் துரு ஏறி, அங்கிருந்து விரிசல் விடுவது தனிக் கதை. கேஸ் விளக்கில் சூடு காட்டி "உட்கார வைக்கிற" வேலை இதைவிடக் கேடு. ஸ்பிரிங் எஃகைக் காய்ச்சி, குளிரவைத்து, பக்குவம் செய்துதான் அந்த வலுவைக் கொண்டுவருகிறார்கள். சிவக்கச் சூடாக்கினால் அந்தப் பக்குவம் அந்த இடத்தில் போய்விடும். பிறகு அது தினம் கொஞ்சமாகத் தாழும், ஒருநாள் அங்கேயே உடையும்.

நல்ல லோயரிங் ஸ்பிரிங் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கம்பியின் கனத்தைக் கூட்டுகிறார்கள். கனம் கூடினால் கடினம் அதன் நான்காம் அடுக்கில் கூடும். 12 மி.மீ. கம்பியை 12.5 ஆக்கினாலே ஸ்பிரிங் ஏறக்குறைய 18 சதவீதம் கடினமாகிவிடும். மேலே சில சுத்துகளை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். வண்டி நிற்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், சக்கரம் தொங்கும்போது விரிந்து ஸ்பிரிங்கைத் தட்டிலேயே பிடித்து வைக்கும். நெருக்கமான சுத்துகளைப் பார்த்துவிட்டு "ஸ்பிரிங் வளைஞ்சிருக்கு" என்று திருப்பி அனுப்பியவர்கள்கூட உண்டு. ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் கம்பெனிகளின் ஸ்பிரிங்கில் வண்டி மாடலுக்கான எண், முன்னா பின்னா என்பது எல்லாம் அச்சிட்டிருக்கும். நண்பர் காட்டும் செட்டில் எண்ணே இல்லை, எந்த வண்டிக்கு என்று பெட்டியில் இல்லை, "எல்லா ஸ்விஃப்ட்டுக்கும் சேருங்க" என்கிறார்கள் என்றால் வாங்காதீர்கள். பெட்ரோல், டீசல் எஞ்சின்களின் எடை ஒன்றல்ல. முன் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்க முடியாது.

ஷாக் விஷயம். 70,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங் போடுவதை நான் செய்து தருவதில்லை. ஸ்பிரிங்கின் வேலை தாங்குவது, துள்ளலை அடக்குவது ஷாக்கின் வேலை. ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால் அதே அளவு அடக்கத்துக்கு ஷாக் சுமார் 14 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். புது ஷாக்காக இருந்தால் இந்தச் சிறு வித்தியாசத்தைச் சமாளிக்கும். பாதி சோர்ந்த ஷாக்கால் முடியாது. வண்டி மேட்டைத் தாண்டிய பிறகு இன்னும் இரண்டு முறை ஆடும், அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். தவிர, இறக்கிய வண்டியில் ஷாக்கின் பிஸ்டன் எப்போதும் தன் வழக்கமான இடத்துக்குக் கீழே ஓடுகிறது. முட்டுகிற முட்டில் அடி வால்வு போய், எண்ணெய் கசியும். பில்ஸ்டீன் கம்பெனி இதற்காகவே கம்பெனி உயரத்துக்கு பி6, இறக்கிய வண்டிக்கு உடம்பு குறுகிய பி8 என்று தனித்தனியே செய்கிறது. உங்கள் மாடலுக்கு அப்படிக் குறுகிய ஷாக் கிடைக்காவிட்டால், 20, 25 மி.மீ. இறக்கத்துக்குப் புதிய கம்பெனி ஷாக்கே போதும். காசு பத்தாது என்றால் இந்த வருஷம் ஷாக்கும், அதைப் பாடியோடு பிடிக்கும் மவுண்டும், மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்ஷும் மட்டும் புதிதாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்பிரிங்கில் தேடுகிற உறுதியில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும் என்பது என் அனுபவம்.

இறக்கினால் வளைவில் வண்டி சாயாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஸ்விஃப்ட்டின் முன் பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண். அதில் சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் உள்முனையிலிருந்து வெளிமுனைக்குக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். வண்டியை இறக்க இறக்க அந்தச் சரிவு மட்டமாகும், இன்னும் இறக்கினால் வெளிமுனை மேலே தூக்கி நிற்கும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், பாடி இறங்கிய அளவைவிட அதிகமாகத் தரையை நோக்கிப் போய்விடும். பாரத்தின் மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம் கூடும், அதாவது சாய்க்கிற நெம்புகோல் நீளும். கடினமான ஸ்பிரிங் அந்தச் சாய்வை மறைக்கிறது, அவ்வளவுதான். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் கோணமும் கெடுவதால் பள்ளத்தில் விழுந்து எழும்போது சக்கரம் தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும், ஸ்டீயரிங் கையில் இழுக்கும். ரேஸ் வண்டியில் நீளமான பால் ஜாயிண்ட் போட்டு இதைச் சரிசெய்வார்கள். தெரு வண்டியில் ஆர்ம் மட்டத்தைத் தாண்டி மேலே தூக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அதற்கும் 25 மி.மீ.க்குள் நிற்பதே நல்லது.

சரி, எல்லாம் கேட்டு 25 மி.மீ. ஸ்பிரிங்கும் புது ஷாக்கும் வாங்கிவிட்டீர்கள். மாட்டும் வேலையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். நீங்களே செய்தாலும் சரி, பக்கத்தில் நின்று பார்த்தாலும் சரி.

முதலில் அளவு. நான்கு சக்கரத்திலும் ஹப்பின் (சக்கரத்தின் மையம்) நடுவிலிருந்து ஃபெண்டரின் (சக்கரத்துக்கு மேலே உள்ள பாடித் தகடு) உதடு வரை டேப் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். இடதுக்கும் வலதுக்கும் ஏற்கனவே வித்தியாசம் இருந்தால் அதைப் புது ஸ்பிரிங்கின் தலையில் பின்னால் கட்ட வேண்டியிருக்காது.

வண்டியை ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு வைத்துத்தான் கீழே கை வைக்க வேண்டும். ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் கிளிப்புகளை முதலில் கழற்றுங்கள், பிறகு வண்டி சாய்வதைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ராடை. ஸ்ட்ரட்டும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் இரண்டு போல்ட் இருக்கும். கழற்றும் முன் அந்த இடத்தில் ஒரு பெயிண்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, ஏறக்குறைய பழைய இடத்துக்கு வரும். போல்ட் விட்டதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதை அப்படியே தொங்க விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் கழன்றுவிடும். ஒரு கம்பியால் கட்டி நிறுத்துங்கள்.

ஸ்ட்ரட் வெளியே வந்ததும்தான் உயிர் போகிற வேலை வருகிறது. மேலே நடுவில் இருக்கும் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் விடுபடும். அமுக்காமல் கழற்றினால் மேல் மவுண்ட் குண்டு போலத் தெறிக்கும், முகத்துக்கு நேரே. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கையால் முறுக்க வேண்டும். ஏர் கன் போட்டு முறுக்கினால் கம்ப்ரஸரின் மரை சூடாகித் தேய்ந்துவிடும், அது நழுவும்போது யாருக்கும் நேரம் கிடைக்காது. ஸ்பிரிங் இரண்டு தட்டிலும் தளர்ந்து கையால் சுழல ஆரம்பித்த பிறகுதான் மேல் நட்டில் ஸ்பானர் போட வேண்டும். அந்த நேரத்தில் ஸ்ட்ரட்டின் தலைக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. கயிற்றைக் கட்டி, காலால் மிதித்து, இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக் கழற்றும் வேலையை எங்காவது பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கழற்றியதும் மேல் மவுண்ட்டின் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் மாற்றுங்கள், இன்னொரு முறை இவ்வளவையும் பிரிக்க வேண்டாம். பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று ஸ்பிரிங் பெட்டியில் உள்ள தாளில் போட்டிருக்கும். அதில் சொன்ன அளவு மட்டும் வெட்டுங்கள். வெட்டாவிட்டால் வண்டி அதன் மேலேயே உட்காரும், அதிகம் வெட்டினால் ஷாக் உள்ளே இரும்பும் இரும்பும் முட்டும். புது ஸ்பிரிங்கை எழுத்து நேராகப் படிக்கும்படி வைத்து, கீழ் நுனி தட்டின் படியில் போய் நிற்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மேல் நட்டை முறுக்கும்போது ராடு சேர்ந்து சுற்றினால் ஆலன் கீயால் ராடைப் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். பிளையர் வைத்து ராடின் பளபளப்பில் பிடித்தால் அந்தக் கீறல் ஆயில் சீலை அறுத்துவிடும்.

பின் பக்கம் சுலபம். இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம், ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பீமை ஜாக்கியில் தாங்கி, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுத்து மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும், கம்ப்ரஸர் வேண்டாம். இறக்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மாட்டி முடித்ததும், பின் சக்கரம் காற்றில் தொங்கும் நிலையிலேயே ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். அசையக் கூடாது. சுற்றினால் அந்த ஸ்பிரிங் உங்கள் ஷாக்கின் நீளத்துக்குச் சேரவில்லை. அதே நிலையில் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

அடுத்து சொல்வதைப் பல ஷெட்களில் செய்வதே இல்லை. லோயர் ஆர்மின் புஷ், பின் பீமின் புஷ் எல்லாம் ரப்பரும் இரும்புக் குழாயும் ஒட்டி வந்தவை. போல்ட் இறுகியதும் உள் குழாய் அந்த நிலையில் பூட்டிக்கொள்ளும், பிறகு ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். பழைய உயரத்தில் பூட்டியிருந்த புஷ், வண்டி இறங்கியதும் நிற்கும்போதே முறுக்கிக்கொண்டு நிற்கும். ஜாக்கியில் தொங்கவிட்டபடி இறுக்கினால் முறுக்கு இன்னும் அதிகம். ஆறு மாதத்தில் ரப்பர் கிழிந்து, ஸ்பீட் பிரேக்கரில் 'கடக், கடக்' என்று சத்தம் வரும். அதனால் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி விட்டு, வண்டியைத் தன் காலில் நிற்க வைத்து, நான்கு முறை முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டையும் டிக்கியையும் அமுக்கி விட்டு, அந்த நிலையில்தான் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். எவ்வளவு டார்க் (இறுக்க வேண்டிய அளவு) என்பதை மாருதியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். கை அளவு வேண்டாம்.

அலைன்மெண்ட்டை அன்றே செய்ய வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு முறை. இறக்கினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும், வண்டியைப் பொறுத்து அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை. எல்லோரும் இந்தக் கேம்பரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். ஒரு சக்கரம் அரை டிகிரி கோணலாக நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 8.7 மீட்டர் அந்த டயர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. பாலக்காடு போய் வருகிற தூரத்தைப் பெருக்கிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோல் இருக்கும். குனிந்து உள் ஓரத்தைத் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் ரம்பம் போல விரலைப் பிடிக்கும். அப்படி இருந்தால் டோ போய்விட்டது. முன் பக்கம் டோவை டை ராடில் சரிசெய்யலாம். கேம்பர் இரண்டு பக்கமும் ஒத்து வராவிட்டால் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளதற்குப் பதில், சாய்வைச் சரிசெய்யும் கேம்பர் போல்ட் போடலாம். பின் பீமில் சரிசெய்யத் திருகு கிடையாது, அங்கே வந்த அளவை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஹெட்லைட்டையும் அதே நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் விழும், அல்லது பம்பருக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

கடைசிக் கேள்வி, பிடிப்பார்களா. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அழுத்திச் சொன்ன வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். அதே 2019இல் அந்தச் சட்டத்துக்கு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றே. ஆனால் கேரள எம்விடி, அதாவது மோட்டார் வாகனத் துறை, இதில் கண்டிப்பு அதிகம். ஃபெண்டருக்குள் டயர் புதைந்து நிற்கும் வண்டி தூரத்திலேயே அவர்கள் கண்ணில் படும். 20 மி.மீ. இறக்கம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அது சட்டப்படி சரி என்று நான் சொல்லவில்லை, அந்தப் பொறுப்பு உங்களுடையது. தினமும் எல்லை தாண்டுகிறவர் என்பதால் மாட்டும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றம் இருந்தால், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கேட்கும்போது அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள்.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங் நான்கையும் ஷெட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று ஒவ்வொன்றிலும் பெயிண்டில் எழுதி, கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வீட்டில் வையுங்கள். வெட்டாத பம்ப் ஸ்டாப் ஒரு செட்டும் வாங்கி அதோடு சேர்த்து வைத்துவிடுங்கள். வண்டியை விற்கும்போதோ, ஆர்டிஓ பழையபடி மாற்றிக்கொண்டு வரச் சொன்னாலோ, ஒரே நாள் வேலையில் கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.